சமையல் மேடையும் முன்பணமும்

தில்லியில் முன்னிருந்த வீட்டைக் காலி செய்த அன்று, வீட்டுக்காரர் சமையலறைச் சலவைக்கல் மேடையைத் தடவிப் பார்த்தார். மங்கிய வட்டங்கள், ஓரத்தில் ஒரு விரிசல். இரண்டிற்குமாக முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். வட்டங்கள் எங்கள் புளிக்கரைசலின் வேலையே. புளிப்புப் பட்டால் சலவைக்கல்லின் மெருகு போய்விடும். விரிசலோ நாங்கள் குடிபுகுமுன்பே இருந்தது. சான்றுதான் இல்லை.

ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையேல், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, குடியேறியபோது இருந்த நிலையிலேயே வீட்டை ஒப்படைத்தல் குடியிருப்பவர் கடமை. இயல்பான தேய்மானத்திற்கு அவர் பொறுப்பல்லர். (மேடைமீது தேங்காய் உடைப்பது தேய்மானம் ஆகாது!) வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவித்தும் உரிய காலத்தில் செய்யாவிடில், நாமே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்தப் பழுது அவருடையது என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளாதவர் வாதாடுவது கடினம்.

இப்போதைய வீட்டில், குடிபுகுந்த அன்றே மேடையின் கீறல்களைக் குறித்து இருவரும் கையொப்பமிட்டோம்.