அடைப்பும் திறப்பும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருப்பது காரவள்ளி என்னும் சிற்றூர். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் பேருந்தில், காற்றுப் புகாமல் ஒட்டிய வறுவல் பொட்டலம் ஒன்றை வைத்திருப்பவர் ஒரு வேடிக்கையைக் காணலாம். அடிவாரத்தில் தளர்ந்து கிடந்த பொட்டலம், மேலே செல்லச் செல்ல உப்பித் தலையணைபோல் பருத்துவிடும். கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டும் அம்மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. உள்ளே அடைபட்ட காற்றோ உறையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. மூடிய கலம் எதுவாயினும் அதன் உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் இடையே இத்தகைய போராட்டம் உண்டு.

மலைவாழ் மக்கள் தேனிலிருந்து ஆக்கிய கள்ளை நெடிய மூங்கிற் குழாயில் முதிரவைத்துப் பருகியதைத் திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. இனிப்புப் பொருள் நொதிக்கும்போது சாராயச் சத்தோடு கரியமிலவாயுவும் பிறக்கிறது. 100 கிராம் குளுக்கோஸ் முற்றும் நொதித்தால் 25 லிட்டருக்கு மேற்பட்ட வாயு கிளம்பும். குழாயின் வாயை இறுக அடைத்தால் மூங்கில் பிளக்கும். திறந்து வைத்தால் பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்கள் கள்ளைப் புளித்த காடியாக்கிவிடும். பீர் ஆலைப் பொறியாளரின் கவலையும் இதுவே.

1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த சேலம் மாவட்டத்தில் அந்நாளில் அடங்கியிருந்த மலை இது. இதை வைத்துப் பீர் ஆலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பானத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. பால் பண்ணையிலும் மருந்துத் தொழிற்சாலையிலும் இதே வகை வால்வுகளே வேலை செய்கின்றன.

நொதிகலத்திலிருந்து வரும் குழாயின் நுனியை நீரில் அமிழ்த்தி வைப்பது பழைய உபாயம். வாயு குமிழியிட்டு வெளியேறும். காற்று உள்ளே திரும்பாது. இவ்வெளிய ஏற்பாட்டில் தவறு நேர்ந்தால் விளைவு எளியதாயிராது. கரியமிலவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. நிறமும் மணமும் அற்றது. கசியும் மூடியிலிருந்து இறங்கி நிலவறையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அறியாமல் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க ஓடியவரும் அவர் அருகிலேயே விழுவார். பாழ்ங்கிணற்றில் இறங்கி மாண்டவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவது போன்றதே இதுவும்.

அலட்சியத்துக்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1814 அக்டோபர் 17 அன்று லண்டனில் ஒரு மதுவாலையின் 22 அடி உயர மரத்தொட்டியிலிருந்து இரும்புப் பட்டையொன்று நழுவியது. கண்டவர் மேலிடத்துக்குச் சொன்னார். தீங்கொன்றும் வராது என்ற விடை கிடைத்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. அடுத்திருந்த ஏழைகளின் குடியிருப்பில் பாய்ந்த வெள்ளத்தால் எண்மர் மாண்டனர்.

வெடிப்பதற்கு நேர்மாறான விபத்தும் இருக்கிறது. கரியமிலவாயு நிறைந்த எஃகுத் தொட்டியைக் கழுவக் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தெளித்தால், கரைசல் வாயுவை விரைந்து உறிஞ்சிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று அப்பெருந்தொட்டியைத் தகர டப்பாவைப்போல் நசுக்கிவிடும். உள்ளழுத்தத்தைத் தாங்க அமைத்த மெல்லிய சுவர், புற அழுத்தத்தைத் தாங்குவதில்லை. இதைத் தடுக்கவே தானாகத் திறந்து காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றைத் தொட்டியின் உச்சியில் வைக்கிறார்கள். அதன் வாயில் நுரை உலர்ந்து பிசின்போல் ஒட்டிக்கொண்டால் வால்வு இருந்தும் பயனில்லை.

ரப்பர் வளையங்களின் கதை தனி. வெந்நீராலும் காரத்தாலும் அவை நாளடைவில் வெடிப்புறும். கண்ணுக்குத் தெரியாத அவ்வெடிப்பில் பதுங்கிய நுண்ணுயிர்கள் கழுவும் நீருக்குத் தப்பி, அடுத்த கொப்பரையைப் புளிக்கவைக்கும். கசிகிறதே என்று மேலும் திருகினால் வளையம் நசுங்கி, கசிவு கூடும்.

கழுவும் கரைசலும் பானமும் ஒரே வால்வின் இருபுறமும் ஓடும் இடத்தில், ஒன்றுக்கு இரண்டாக அடைப்புகள் வைத்து, அவற்றின் நடுவே வெளியே திறந்த துளை ஒன்று விடுகிறார்கள். எந்த அடைப்பு பழுதுற்றாலும் திரவம் மறுபுறம் கலவாமல் அத்துளை வழியே தரையில் சொட்டும். ஆலையில் சுற்றிவரும் பணியாளர் முதலில் பார்ப்பது அந்தத் தரையைத்தான்.