ஹைட்ரஜன் தண்ணீர்: ஓட்டக்காரருக்குக் கைகொடுக்குமா?

போட்டதும் நுரைத்துப் பொங்கும் மெக்னீசியம் மாத்திரை, பொத்தானை அழுத்தினால் குமிழி கிளப்பும் பாட்டில், அலுமினியப் பையில் அடைத்த தண்ணீர். எல்லாமே ஹைட்ரஜன் ஏற்றிய தண்ணீருக்குத்தான். களைப்பு தெரியாது, தசைவலி சீக்கிரம் ஆறும் என்று சொல்லி நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் விற்கிறார்கள். சொல்வதில் எவ்வளவு தேறும்?

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஜப்பான். மூளைக்கு ரத்தம் தடைப்பட்ட எலிகளுக்கு ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்ததாக, 2007-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஷிகேயோ ஓட்டா குழு எழுதியது. செல்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை ஹைட்ரஜன் தேர்ந்தெடுத்து அடக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். கடும் ஓட்டத்தில் தசைகளிலும் ரேடிக்கல்கள் பெருகும் என்பதால் விளையாட்டு ஆய்வாளர்களுக்கும் ஆர்வம் தொற்றியது.

2012-இல் ஜப்பானில் 10 கால்பந்து வீரர்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தபோது, கடும் உழைப்பில் தசைகள் வெளியிடும் லாக்டேட் ரத்தத்தில் ஏறுவது மட்டுப்பட்டது. செக் நாட்டில் மிஹால் போடெக் குழு 16 பேரை 4.2 கி.மீ. மேட்டுப் பாதையில் இரண்டு முறை ஓடவிட்டது. ஒருமுறை ஹைட்ரஜன் தண்ணீர், மறுமுறை வெறும் தண்ணீர். மெதுவாக ஓடியவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. முன்னணியில் ஓடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நன்கு பயிற்சி பெற்ற 14 ஓட்டக்காரர்களை ட்ரெட்மில்லில் ஏற்றிய 2020-ஆம் ஆண்டு ஆய்விலும் ஓட்டத்திறன் கூடவில்லை.

அளவையும் பாருங்கள். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான். திறந்து வைத்தால் அதுவும் பறந்துவிடும். பருப்பு, பயறு தின்றால் நம் குடல் பாக்டீரியாக்களே ஹைட்ரஜனைத் தயாரிக்கின்றன. பால் ஒவ்வாதவர்களைக் கண்டுபிடிக்க மூச்சில் அளப்பதும் அதைத்தான்.

ரேடிக்கல்கள் முழு எதிரிகளும் அல்ல. பயிற்சிக்கேற்ப உடலைத் தேற்றுவதில் அவற்றுக்கும் பங்குண்டு. ரேடிக்கல்களை அடக்கும் விட்டமின் சி, ஈ மாத்திரைகளை அள்ளிப் போட்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வர வேண்டிய முன்னேற்றம் தடைப்பட்டதை 2009-இல் மிஹாயேல் ரிஸ்டோவ் குழு ஜெர்மனியில் காட்டியது.

மொத்தத்தில், களைப்புணர்வும் லாக்டேட்டும் சற்றுக் குறையலாம்; ஓட்டத்தின் வேகம் கூடும் என்று நம்பக் காரணமில்லை. ஆய்வுகளில் பெரிய கெடுதலும் தென்படவில்லை. எனவே ஆசைப்பட்டால் குடிக்கலாம். தூக்கம், சாப்பாடு, ஒழுங்கான பயிற்சி மூன்றையும் சரிசெய்த பிறகும் பணம் மிஞ்சினால் மட்டும்.