நாற்பது வயதிலும் பல் நகருமா?

"பல்லுக்குக் கிளிப் போடுவதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான், எங்களுக்கு இனி எதற்கு?" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எத்துப்பல்லும் தெத்துப்பல்லும் உள்ள சிலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதையும் கவனித்திருப்பீர்கள். முப்பது ஆண்டுகளாகத் தாடை எலும்பில் ஊன்றி நிற்கும் பல்லை நகர்த்த முடியுமா? முடியும். ஆனால், எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது. அதை விளக்கும் முன், பல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம்.

பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழக் கால் மி.மீ. தடிப்பில் ஒரு நார்ப்படலம் உண்டு. பல்லை ஒரு திசையில் தொடர்ந்து தள்ளினால், அத்திசையில் உள்ள நார்ப்படலம் நசுங்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது இழுபடும். நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலை செய்கின்றன. இவ்வாறு, பல் நிற்கும் குழியே சிறிது சிறிதாக இடம் மாறுகிறது. வளர்ச்சி நின்ற பின்னும் எலும்பில் இந்த அழிவும் ஆக்கமும் வாழ்நாள் முழுவதும் நடப்பதால்தான் நாற்பது வயதிலும் பல் நகர்கிறது. தொடக்கத்தில் சற்று மெதுவாக நகரும்; அவ்வளவே.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் 50 முதல் 100 கிராம் எடை அளவு விசையே போதும். நூறு மி.லி. தண்ணீரின் எடைதான் அது! விசையைக் கூட்டினால் பல் விரைவாக நகரும் என்று எண்ணிவிடாதீர்கள். மிகையாக அழுத்தினால் நார்ப்படலத்தின் இரத்தக் குழாய்கள் அடைபட்டுச் செல்கள் மடிகின்றன, பல் நகராமல் சில வாரங்கள் அப்படியே நிற்கிறது, வேரும் தேயக்கூடும். மாதத்துக்குச் சுமார் ஒரு மி.மீ. என்பதே நல்ல வேகம். ஆகவே சிகிச்சை முடிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆவது வழக்கம்.

திருப்புத்திறன், இரட்டை என்றதும் என் வகுப்பில் கொட்டாவி விடும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நிற்கும் பீரோவை மேல் விளிம்பில் தள்ளினால் அது நகராமல் சாயும் அல்லவா? பல்லின் நிலையும் அதுவே. நாம் விசையைச் செலுத்தக் கூடிய இடம் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி மட்டுந்தான். பல்லை அசையாமல் பிடித்து வைக்கும் தடையின் மையமோ ஈறுக்குள், வேரின் பகுதியில் இருக்கிறது. எனவே வெறுமனே தள்ளினால் பல் சாய்ந்துவிடும். நேராக நின்றபடியே நகர வேண்டுமானால், அந்தச் சாய்வை எதிர்க்கும் ஓர் இரட்டையையும் செலுத்த வேண்டும். பல்லின் மேல் ஒட்டப்படும் பிராக்கெட் என்னும் சிறு துண்டில் செவ்வக வடிவக் காடி ஒன்று உண்டு. அதில் செவ்வகக் குறுக்குவெட்டுள்ள கம்பியைப் பொருத்தினால், காடியின் இரு சுவர்களிலும் கம்பி எதிரெதிராக அழுத்தி அந்த இரட்டையைத் தருகிறது. அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் இதைக் கையாண்டு ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. நிக்கல், டைட்டேனியம் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கலவைக் கம்பி 1970-களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. வெகுவாக வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே சீரான, மென்மையான விசையைத் தருவது அதன் சிறப்பு.

இனி, பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டுவது எப்படி? முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். 1955-ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்பவர், பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பல்லின் எனாமலில் ஒட்டும் திறன் பெருகுகிறது என்று காட்டினார். அமிலம் எனாமலைச் சற்றே அரித்து நுண்ணிய பள்ளங்களை உண்டாக்குகிறது. பசை அவற்றுள் இறங்கி இறுகி வேர்விட்டாற்போல் பிடித்துக்கொள்கிறது.

தர்மபுரியின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. இம்மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் உள்ளன. அவற்றினூடே ஊறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே பல ஊர்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் அந்த வரம்பு மீறப்பட்டது. (கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்!) குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போது இந்நீரை அருந்தினால், பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றுகின்றன. அத்தகைய எனாமலின் மேற்படலம் அமிலத்துக்கு எளிதில் கரைவதில்லை; அடிப்பகுதியோ நுண்துளைகள் மலிந்து வலுக்குறைந்து இருக்கிறது. ஆகவே பாதிப்பு மிகுந்த பல்லில் பசை சரியாகப் பிடிக்காமல், சோளப்பொரியைக் கடித்தால்கூடப் பிராக்கெட் கழன்றுவிடலாம். மருத்துவர்கள் மேற்படலத்தை இலேசாகத் தேய்த்து எடுத்தும், அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தும், பிடிப்பைக் கூட்டும் பூச்சுகளைத் தடவியும் இதைச் சமாளிக்கிறார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் காவிரி நீர் வரத் தொடங்கியது. முன்பற்களின் எனாமல் ஐந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்: இம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து இன்று இருபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும், அந்த ஆற்றுநீர் வருமுன்பே முன்பற்கள் உருவாகிவிட்டன. எலும்பைப் போல எனாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அதைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் அழிந்துபோகின்றன. இதனால் ஒரே வாயில் வளைந்த பல்லை நாற்பது வயதிலும் நிமிர்த்தலாம்; நான்கு வயதில் படிந்த கறையோ தானாக மறையாது. மேலே தேய்த்தோ வெளுத்தோ பூச்சுப் பூசியோ மறைக்கத்தான் முடியும்.

பெரியவர்களுக்கு வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தியாக வேண்டும். நோயுற்ற ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு கரைந்து பல்லே ஆடத் தொடங்கும். தாடையே பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் வளர்ச்சியைப் பயன்படுத்தித் திருத்தும் வயது கடந்துவிட்டது. கம்பி மட்டும் போதாமல் அறுவை தேவைப்படலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பற்களின் இடைவெளியை மூட இரண்டு பற்களையும் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். வேர் கூம்பு வடிவமானது. சாய்வான கூம்பின்மேல் இறுகும் வளையம் நுனியை நோக்கி வழுக்கிச் செல்லும் என்பது இயற்பியல். கண்ணுக்குத் தெரியாமல் ஈறுக்குள் ஏறி நார்ப்படலத்தை அறுத்துவிடும். நல்ல பற்கள் இவ்வாறு விழுந்ததுண்டு.

கம்பியைக் கழற்றியதும் வேலை முடிவதில்லை. ஈறின் நார்கள் சில, புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொள்ள ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அதுவரை இழுத்த ரப்பரைப் போல அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதனால்தான் முன்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பியொன்றை ஒட்டிவிடுகிறார்கள், அல்லது இரவில் மாட்டிக்கொள்ளத் தகடு ஒன்றைக் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் பலர் அதைப் பல்லாண்டுகள் அணிய வேண்டியிருக்கிறது.