நீராடுதுறை உடையும் நாணும்

1. முன்னுரை

தாய்நாட்டை விட்டு அயல்நாட்டிற் குடியேறும் குடும்பங்களுக்கு மொழி, உணவு, தொழில், உறையுள் ஆகியவற்றால் எழும் இடர்ப்பாடுகள் வெளிப்படையானவை. நீராடுதுறையில் உடுக்கும் உடைபற்றி எழும் இடர்ப்பாடோ வெளியிற் பேசப்படாமல் வீட்டினுள்ளேயே தங்கிவிடுவது. மகளைப் பள்ளியின் நீச்சற் பயிற்சிக்கு அனுப்புவதா என்று தாய் தயங்குகின்றாள். முழங்காலளவு தொளதொளத்த காற்சட்டையோடு பொது நீச்சற்குளத்திற்குச் சென்ற தந்தை வாயிலிலேயே தடுக்கப்படுகின்றார். கடற்கரையில் உடன்பயிலும் சிறார் உடுத்துவதையே தானும் உடுக்க வேண்டுமென்று மகன் கேட்கின்றான். இவை சிறு நிகழ்ச்சிகளே. ஆயினும் இவற்றின் பின்னே நிற்கும் வினா பெரிது. நாண் என்பது துணியின் அளவைப் பொறுத்ததா, இடத்தைப் பொறுத்ததா, உள்ளத்தைப் பொறுத்ததா என்பதே அவ்வினா. இதனைத் தமிழ் இலக்கண நூலார் வகுத்த ஒரு நெறியின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாணும் அவையும்

நாண் என்னும் சொல் தமிழில் ஒருபொருளில் மட்டும் வழங்கவில்லை. திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருவகை நாணைப் பிரித்துக் காட்டுகின்றார். தகாத செயல் செய்ய நாணுவது ஒன்று. மகளிர்க்கு இயல்பாய் அமைந்த நாணம் மற்றொன்று. அவ்வதிகாரம் விரித்துப் போற்றுவது முன்னதனையே. பின்னதனைப் பற்றிய செய்திகள் காமத்துப்பாலில் வருகின்றன. எனவே உடைபற்றிய கூச்சத்தை நாண் முழுவதுமாகக் கொள்வது வள்ளுவர் கருத்தோடு ஒவ்வாது. அது நாணின் ஒரு கூறே என்க.

அக்கூறு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியச் சொல்லிலக்கணம் துணைசெய்யும். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவற்றுள் இடக்கரடக்கலைத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்ற பெயரால் எச்சவியலில் விளக்குகின்றார். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லுதல் வேண்டும் என்பது அவர் விதி. அடுத்த நூற்பாவில், நெடுங்காலம் மருவி வழங்கும் சொற்களை அவ்வாறு மறைக்க வேண்டுவதில்லை என்று அதற்கொரு விலக்கும் கூறுகின்றார். உரையாசிரியர்கள் ஆப்பி முதலியவற்றை அவ்விலக்கிற்கு எடுத்துக்காட்டாகத் தருவர்.

இவ்விரு நூற்பாக்களால் இரண்டு உண்மைகள் போதரும். மறைக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது அவை. மறைக்க வேண்டாதது என்னும் நிலையைத் தருவது பயிற்சி. உடைக்கும் இவ்விரண்டுமே அளவுகோல்கள் ஆகும் என்பது இக்கட்டுரையின் துணிபு. நீராடுதுறை என்பது தனியொரு அவை. அங்கு மருவியது எது என்பது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபடும்.

3. மேலைநாட்டு வழக்கின் மாற்றம்

மேலைநாட்டார் என்றும் இன்றுபோலவே கடலாடினர் என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அதற்கு மாறாக உள்ளது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கடற்கரைகளில் சக்கரம் பூட்டிய சிறு மரவறைகள் இருந்தன. பெண்கள் அவற்றினுள்ளே உடைமாற்றிக்கொள்வர். குதிரைகள் அவ்வறையை நீருக்குள் இழுத்துச் செல்லும். கரையில் நிற்போர் காணாதபடி கடற்புறத்துப் படிகளின் வழியே அவர்கள் நீரில் இறங்குவர். விக்டோரியா அரசியாரும் 1847-இல் இத்தகைய அறையொன்றிலிருந்தே கடலில் இறங்கினார்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர்ப் பகுதியிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பகலில் பலர் காணக் கடலாடுவதே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1902-இல் மான்லிக் கடற்கரையில் கோச்சர் என்னும் பத்திரிகையாளர் அறிவிப்புச் செய்துவிட்டு நண்பகலில் நீராடினார். அடுத்த ஆண்டு அவ்வூர் மன்றம், கழுத்து முதல் முழங்கால் வரை மூடிய உடையோடு பகலில் நீராடலாம் என்று இசைந்தது. 1907-இல் ஆடவரும் பாவாடை போன்ற பகுதியை உடைய நீராட்டுடை அணிய வேண்டுமென்ற திட்டம் எழுந்தபோது, ஆடவர் பலர் பெண்களின் பாவாடைகளையே உடுத்துக் கடற்கரைகளில் திரண்டு அதனை எள்ளி நகையாடினர், திட்டம் கைவிடப்பட்டது. 1935-இல் அம்மாநில அரசு நீராட்டுடையின் கால்பகுதி குறைந்தது 3 அங்குலம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. கடற்கரைக் கண்காணிப்பாளர் அவ்விதியைக் காட்டிப் பெண்களைக் கரையிலிருந்து வெளியேற்றியதும் உண்டு. அங்குலக் கணக்கு 1961-இல் நீக்கப்பட்டு, தகுந்ததும் போதியதுமான உடை என்ற பொதுச்சொல் விதியில் இடம்பெற்றது.

அமெரிக்காவிலும் நிலைமை இதுவே. 1922-இல் வாசிங்டன் நகர நீராடுதுறையில் காவலர் ஒருவர் பெண்களின் முழங்காலுக்கும் உடையின் விளிம்புக்கும் இடையேயுள்ள தொலைவை நாடாவால் அளக்கும் ஒளிப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. ஆடவர் மார்பு திறந்து நீராடுவதும் 1930-களிலேதான் அந்நாட்டில் மெல்ல ஏற்கப்பட்டது. அதற்குமுன் அதற்காகத் தண்டனை பெற்றோர் உளர்.

பாரிசு நகரில் 1946 சூலை 5-ஆம் நாள் லூயி ரெயார் என்பார் பிகினி என்ற இருதுண்டு உடையை வெளியிட்டார். நான்கு நாள்களுக்கு முன்னர் அணுகுண்டுச் சோதனை நடந்த பசிபிக் பெருங்கடல் தீவுத்திட்டின் பெயரே அவ்வுடைக்கு இடப்பட்டது. உடைக்காட்சிப் பெண்கள் அதனை உடுக்க மறுத்தமையால் ஆடலரங்கப் பெண் ஒருவரே உடுத்துக் காட்டினார் என்பர். அந்நாட்டவரே முதலில் அவையல் உடை என்று ஒதுக்கியது பின்னர் மருவி வழக்காயிற்று. ஆகவே, இன்று அங்குக் காணப்படும் உடை அந்நாட்டு மக்களின் பிறவிப் பண்பு எனக் கூறுதல் பொருந்தாது.

4. தமிழ் நிலத்து வழக்கு

நம் நிலத்து வழக்கும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. சங்கப் பாடல்கள் இளமகளிர் தழையாடை உடுத்தமையைக் கூறுகின்றன. வையை நீர்விழாவைப் பரிபாடலும், புகார்க் கடற்கரை விளையாட்டைச் சிலப்பதிகாரமும் பாடுகின்றன; நீராடல் அங்கு ஊரார் கூடி மகிழும் விழா. பிற்காலத்தில் இராமேசுவரம், திருச்செந்தூர் போன்ற தலங்களில் உடுத்த உடையோடு மூழ்குதலே பெருவழக்காயிற்று. நம்மவர் மனத்தில் கடலாடல் என்றவுடன் தோன்றுவது இப்புனித நீராடலே. மேலைநாட்டார்க்கோ அது வெயில் காய்தலும் நீந்துதலுமாகும். இருசாராரும் ஒரே நீரில் இறங்கினும் வெவ்வேறு அவையில் நிற்கின்றனர்.

உடையை மறைப்போடு மட்டும் பொருத்திப் பார்த்தல் போதாது என்பதற்குத் தென்திருவிதாங்கூர் வரலாறு சான்றாகும். அங்கு நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவது சாதிக் கட்டுப்பாட்டால் தடுக்கப்பட்டிருந்தது. நெடிய போராட்டத்தின்பின் 1859-இல் அரசாணை அவர்க்கு மேலாடை உரிமை வழங்கியது. அப்பொழுதும் உயர்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்ற வரம்பு நீங்கவில்லை. திறந்திருக்குமாறு ஒருவரை வற்புறுத்துதலும், மூடியிருக்குமாறு வற்புறுத்துதலும் அவரது நாணைப் பிறர் கையிற் கொடுப்பனவே. இவ்வுண்மை அயல்நாட்டுச் செய்திகளை ஆராய்வதற்கும் அடிப்படையாகும்.

5. இன்றைய நாடுகளின் அவை வழக்கு

இன்று ஐரோப்பியக் கடற்கரைகளில் உடைக்கட்டுப்பாடு தளர்ந்திருப்பினும், அவை வேறுபாடு மறையவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் கடற்கரைக்கு அப்பால், நகரத் தெருக்களில் நீராட்டுடையோடு திரிவதை 2011-இல் தடைசெய்தது. மணலில் தகுந்த உடையே தெருவில் தகாததாயிற்று. செருமனியில் உடையின்றி நீராடுவோர்க்கெனக் கடற்கரைப் பகுதிகள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. அக்குறியீட்டை அறியாத புதுக்குடும்பம் அங்குச் சென்று திடுக்கிடுவதுண்டு. அறிந்தவர் அடுத்த பகுதிக்குச் செல்வர்.

ஐசுலாந்து நாட்டில் பொதுக்குளத்தில் இறங்குமுன் உடை முழுவதையும் களைந்து உடலைக் கழுவுதல் வேண்டும். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் குளியலறைகள் வேறு. ஆனால் தன்பாலார் முன்னிலையில் உடைகளைவது அங்குக் கூச்சத்திற்கு உரியதன்று. நீரின் தூய்மைபற்றிய நெறியே அதற்குக் காரணம். பிரான்சு நாட்டுப் பொதுக்குளங்கள் பலவற்றில் ஆடவர் தொளதொளத்த காற்சட்டை அணிதல் ஆகாது. உடலோடு ஒட்டிய சிறுகாற்சட்டையே அணிதல் வேண்டும். தெருவிலும் உடுக்கத்தக்க ஆடை அழுக்கைக் குளத்திற்குக் கொணரும் என்பது அவர் கூறும் காரணம். அடக்கமெனக் கருதி நீண்ட காற்சட்டை அணிந்து சென்ற நம்மவர்க்கு அது தூய்மைக் குறைவு என்று சொல்லப்படுவது வியப்பளிக்கும்.

மாலைத்தீவில் மக்கள் வாழும் தீவுகளின் பொதுக்கரைகளில் பிகினி அணிதல் தடுக்கப்பட்டுள்ளது. சுற்றுலா விடுதித் தீவுகளிலும், தனியே ஒதுக்கப்பட்ட கரைகளிலும் அது ஏற்கப்படுகின்றது. ஒரே நாட்டில், ஒரே கடலில் இரண்டு அவைகள் அமைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆஸ்திரேலியாவிலோ கடுவெயிலால் தோற்புற்று மிகுதலின், சிறார் நீண்ட கையுடைய நீச்சல் மேலாடை அணிவது பெருவழக்கு. உடலை மூட விரும்பும் குடும்பத்தார் அங்கு வேற்றாராய்த் தோன்றுதல் குறைவே.

6. சட்டமும் குடும்பமும்

அவை வழக்கோடு சட்டமும் கலந்தவிடத்துச் சிக்கல் முறுகுகின்றது. சிட்னியில் வாழும் லெபனான் மரபினரான அகீதா சனெட்டி என்பார், முகம், கை, அடி தவிர ஏனைய பகுதிகளை மூடும் புர்கினி என்ற நீச்சலுடையை 2004-இல் வடிவமைத்தார். 2005 திசம்பரில் குரோனுல்லா கடற்கரையில் இனக்கலவரம் மூண்டது. அதன்பின் கடற்கரை உயிர்காப்புக் கழகத்தார் முசுலிம் இளைஞரையும் தம்முடன் சேர்க்க முனைந்தனர். காப்பாளர்க்குரிய செம்மஞ்சள் வண்ணங்களில் அமைந்த அவ்வுடையோடு முசுலிம் பெண்ணொருவர் உயிர்காக்கும் பணியில் நின்றார். பிரித்த உடையே அங்குப் பிணைக்கும் உடையாயிற்று.

அதே உடை பிரான்சில் வேறு விளைவைத் தந்தது. 2016 சூலையில் நீசு நகரில் நிகழ்ந்த கொடிய தாக்குதலின்பின், ஏறத்தாழ 30 ஊர் மன்றங்கள் கடற்கரையில் அதனைத் தடைசெய்தன. அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் ஆகத்து 26-ஆம் நாள், பொது அமைதிக்கு மெய்யான கேடு காட்டப்படாத நிலையில் அத்தடை அடிப்படை உரிமைகளுக்கு மாறானது என்று ஓர் ஊரின் ஆணையை நிறுத்திவைத்தது. எனினும் கிரெனோபிள் நகரம் தன் குளங்களில் அவ்வுடைக்கு இசைவளிக்க முற்பட்டபோது, 2022 சூனில் அதே மன்றம் அவ்விசைவை ஏற்கவில்லை. பொது விதிக்கு ஒரு சாரார்க்காக மட்டும் விலக்களிப்பது ஒத்த நடத்துகைக்கு ஊறு என்றது. கரைக்கு ஒரு முடிபும் குளத்திற்கு ஒரு முடிபுமாக அமைந்தமை கருதத்தக்கது.

பள்ளிகளைப் பற்றிய தீர்ப்புகளே குடியேறுவோர்க்கு மிகுதியும் இன்றியமையாதன. செருமானியக் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2013-இல், புர்கினி அணிய வாய்ப்பிருக்கையில் இருபாலார் நீச்சல் வகுப்பிலிருந்து முசுலிம் மாணவியை முற்றும் விலக்க வேண்டுவதில்லை என்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பருவமெய்தாத இரு பெண்மக்களை வகுப்பிற்கு அனுப்பாத பெற்றோர்க்கு 1,400 பிராங்கு தண்டம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 சனவரி 10-ஆம் நாள் அதனைச் சரியென முடிவு செய்தது. உடலை மூடும் நீச்சலுடைக்குப் பள்ளி முன்னரே இசைந்திருந்தது என்பதும், பெற்றோரின் விருப்பத்தினும் குழந்தையின் முழுக் கல்வியும் சமூகத்தோடு ஒன்றுதலும் பெரியன என்பதும் மன்றம் கூறிய காரணங்கள்.

7. குடியேறுவோர்க்குரிய நெறி

இதுகாறும் கூறியவற்றால், அயல்நாடு செல்லும் குடும்பத்தார் மூன்றினை வேறுபிரித்தறிதல் வேண்டும். முதலாவது விதி, அது குளத்து வாயிலிலும் பள்ளி அறிவிப்பிலும் எழுதப்பட்டிருக்கும். அதனைக் கேட்டறிதல் எளிது. இரண்டாவது அவை வழக்கு, அது எழுதப்படாதது. சிலநாள் கரையில் அமர்ந்து நோக்கின் தெளிவாகும். மூன்றாவது தன் நாண். இதனைப் பிறர் வகுத்தல் இயலாது. பிறர் குறைவாக உடுப்பதைத் தடுக்காத அவை, தான் மிகுதியாக உடுப்பதையும் பெரும்பாலும் தடுப்பதில்லை. அஞ்சிய அளவுக்கு முரண்பாடு நேர்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

விதியும் தன் நாணும் முரணுமிடத்து, நீரையே துறந்துவிடுதல் தீர்வாகாது. நீச்சல் அறியாத குழந்தை ஆறும் கடலும் குளமும் நிறைந்த நாட்டில் உயிர்க்கு இடரோடு வாழ்கின்றது. நனைந்த சேலையும் நீண்ட பருத்தி ஆடையும் அலையில் உடலை இழுப்பன. நீரைப் பற்றிக்கொள்ளாத துணியில், உடலை மூடிய நீச்சலுடைகள் இன்று பலவகையாய்க் கிடைக்கின்றன. பெண்டிர்க்கென நேரம் ஒதுக்கும் குளங்களும் பல நகரங்களில் உள்ளன. பள்ளியாரிடம் முன்னரே பேசின் தனி உடைமாற்றறை போன்ற ஏற்பாடுகள் பெறுதல் கூடும். பாசல் வழக்கிலும் இவ்வகை ஏற்பாடுகள் பள்ளியால் முன்வைக்கப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

மகனுக்கு ஒரு விதியும் மகளுக்கு ஒரு விதியும் வகுக்கும் வீடுகளும் உள. கூச்சம் இருபாலார்க்கும் பொது. அதனை மகள்மேல் மட்டும் ஏற்றி, அவளை நீருக்கு அயலாக்குதல் அறமாகாது.

8. முடிவுரை

அவையறிந்து சொல்லை மறைத்தலும், மருவியதை மறையாது விடுதலும் தமிழ் இலக்கணம் காட்டிய நெறி. நீராடுதுறை உடைக்கும் அந்நெறி பொருந்துதல் மேலே காட்டப்பட்டது. மேலைநாடுகளே ஒரு நூற்றாண்டில் அங்குலக் கணக்கை எழுதியும் அழித்தும் வந்துள்ளன. ஆதலின் அவ்வுடை கொண்டு ஒரு மக்களின் ஒழுக்கத்தை அளத்தல் தவறு. அவ்வாறே, மூடிய உடை கொண்டு குடியேறியவரின் அறிவை அளத்தலும் தவறாம். வள்ளுவர் முதன்மை தந்த நாண், பிறர்க்குத் தீங்கு செய்யக் கூசும் நாணே. அதனைக் குழந்தைக்குக் கற்பித்த குடும்பம் எக்கடலின் கரையிலும் நாணிழந்து நிற்பதில்லை.