அந்த இடத்துப் புண்

பெண்கள் வாங்கிக்கொண்டு நகரும்வரை மெடிக்கல் ஷாப் ஓரமாக நிற்கிறார் ஒருவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்கண்ணா" என்கிறார். எங்கே அரிப்பு என்று கடைக்காரரும் கேட்பதில்லை. பெங்களூரு ஆஸ்டின் டவுனில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஆண்குறிப் புற்றுநோய்க்குப் பல மாதம் நடக்கிற வைத்தியம் இதுதான். 'பொம்பளை சீக்கு' என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம் வேறு.

முனையிலோ முன்தோலின் உட்பக்கத்திலோ ஒரு சிவந்த திட்டு, மரு மாதிரித் தடிப்பு, ஆறாத புண். பெரும்பாலும் வலிக்காது, அதுதான் வினை. தோல் பின்னால் போகாதவருக்குப் புண் கண்ணிலேயே படாது, நாற்றமோ ரத்தமோதான் காட்டிக்கொடுக்கும். பிறவியிலேயே தோல் இறுகியவர்கள் மட்டுமல்ல, நடுவயதில் சுகர் ஏறி, அடிக்கடி புண்ணாகித் தோல் சுருங்கியவர்களும் கவனிக்க வேண்டும். பீடி, சிகரெட்டுக்கும் இதில் பங்குண்டு. ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஹெச்.பி.வி. வைரஸ் காணப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தருவதும் அதுவே. தடுப்பூசி ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. குழந்தையிலேயே சுன்னத் ஆனவர்களுக்கு இந்த நோய் மிக அரிது. அதற்காக எல்லோரும் ஓட வேண்டியதில்லை. தினமும் தோலைத் தள்ளிக் கழுவினால் போதும். தள்ள வரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் ஆறாத புண்ணுக்குப் பயாப்சி தேவை. மேல்தோலோடு நிற்கும்போது தடவும் மருந்தோ லேசரோ போதும். சற்று இறங்கியிருந்தால் முனையை மட்டும் எடுப்பார்கள். பாதி எடுத்தாலும் பலரால் நின்றபடியே சிறுநீர் கழிக்க முடியும். தாம்பத்தியமும் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. முழுதும் எடுத்தால் விதைப்பைக்குப் பின்னால் வேறு வழி வைப்பார்கள், உட்கார்ந்து போக வேண்டும். ஆனால் உயிரைத் தீர்மானிப்பது தொடை இடுக்கு. அங்கே கட்டும் நெறியில் புற்று ஏறிவிட்டதா என்பதே பெரிய கேள்வி.

ஆஸ்டின் டவுன்காரர்களுக்குப் பக்கத்திலேயே, ஓசூர் ரோட்டில் கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1973 முதல் இருக்கிறது. பி.பி.எல். குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

கையெழுத்து விஷயம் முக்கியம். பயாப்சிக்குப் போட்டது, உறுப்பை எடுக்கச் சம்மதம் ஆகாது. சோதனைக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுத்தது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான், கொடுமை. ஆனால் தீர்ப்பு நிற்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, மனைவியோ அண்ணனோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. படிவம் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் காட்ட ரிப்போர்ட்டுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. காசு வாங்கிப் பார்த்த ஆஸ்பத்திரியில் தவறு நடந்திருந்தால், இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.