உங்களுக்குத் தெரியுமா? வைத்தியர் தொலைத்த உறக்கம்

2020-ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில், கொரோனா நோய் வூகான் நகரைக் கவிந்துகொள்ள, படுக்கை போதாமல் மருத்துவமனைகள் திணறிக்கொண்டிருந்த சமயத்தில், சீன தேசத்து 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த வைத்தியர்களும் தாதியருமாக 1,257 பேரை விசாரித்ததில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் நித்திரையின்மையாலும், பத்தில் எழுவர் மனக்கிலேசத்தாலும் வருந்தியது தெரியவந்தது. தலைமுதல் கால்வரை மூடிய கவச உடையில் ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாததால் முதுகில் பெயர் எழுதிக்கொண்டு, தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல் மணிக்கணக்காக நின்றவர்களே, முறை முடிந்து படுக்கையில் சாய்ந்தும் கண் அயரவில்லையென்றால், களைத்தவனுக்குத் தூக்கம் தானாக வரும் என்று நாம் நம்புவது எவ்வளவு பேதைமை! இத்துன்பம் வைத்தியரைவிட, நோயாளியின் அருகிலேயே நெடுநேரம் நிற்கும் தாதியரைத்தான் அதிகமாக வாட்டியது.