தொட்டிக்கு மேலே இருபது சென்டிமீட்டர்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்குப் பாய்கிறது. இப்படிப்பட்ட வாய்க்காலும் வயல் நீரும் மலையடி ஓடையும்தான் தென்னிந்தியாவின் ஒரு சின்ன மீனுக்கு வீடு. அறிவியல் பெயர் அப்லோகைலஸ் லினியேடஸ். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பஞ்சாக்ஸ் என்பார்கள். குமுளிக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் மானத்துக்கண்ணி.

கரையோரப் புல் நிழலில், நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும். குனிந்து பார்த்தால் உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னுவது தெரியும். முதுகு தட்டை. வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுத் துடுப்பு நடுமுதுகில் இருக்காது, வாலை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளி இருக்கும். கொசுப்புழு இதன் தினசரிச் சாப்பாடு. தாழப் பறக்கும் பூச்சி வந்தால் எம்பிப் பிடிக்கும். அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த உடம்பு முழுக்க முழுக்க மேலே பார்க்கவும் மேலே பாயவும் அமைந்தது.

இதே மீனை மூடியில்லாத கண்ணாடித் தொட்டியில் விட்டால் என்ன ஆகும் என்பது அலங்கார மீன் கடைக்காரர்களுக்கு மனப்பாடம். “மூடி போட்டு வையிங்கண்ணே, குதிச்சுரும்” என்பார்கள். எப்படிக் குதிக்கிறது என்று பார்த்தால்தான் எதைப் போட்டு மூடுவது என்பதும் புரியும்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வால் உதைத்துத் தள்ள அந்த அடர்த்தி வேண்டும். நீருக்குள் இருக்கும்வரை மீனுக்குத் தன் எடை ஒரு பாரமே இல்லை, காற்றுப்பை அதைத் தாங்கிக்கொள்கிறது. தலை வெளியே வந்ததும் எடை திரும்பிவிடும். வால் நுனியும் வெளியே வந்தால் உந்துதல் தீர்ந்தது. அதற்குப் பிறகு மீன், கையைவிட்டுப் போன கல்தான். ஆகவே எவ்வளவு உயரம் போகும் என்பது நீரைவிட்டுக் கிளம்பும் வேகத்திலேயே முடிவாகிவிடுகிறது. செங்குத்தாக விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 5 சென்டிமீட்டர். 2 மீட்டர் வேகமென்றால் 20 சென்டிமீட்டர். 3 மீட்டர் என்றால் 45ஐத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. சின்ன மீன்கள் திடீர்ப் பாய்ச்சலில் விநாடிக்குத் தங்கள் உடல் நீளத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு தூரம் போகக்கூடியவை. அப்படியானால் 10 சென்டிமீட்டர் பஞ்சாக்ஸுக்கு விநாடிக்கு 2 மீட்டர் எட்டாத வேகமல்ல. பின்னுக்குத் தள்ளி அமைந்த துடுப்புகளின் அருமை இங்கே தெரிகிறது. முன்பாதி காற்றுக்கு வந்த பிறகும் பின்பாதி இன்னும் நீரை உதைத்துக்கொண்டிருக்கும்.

கொசுப்புழுவை ஒழிக்க நம் ஊர்க் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் விடும் கப்பி மீன் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டாஃப்னி சோரஸ் என்ற ஆய்வாளரின் தொட்டியிலிருந்து ஒரு கப்பி எம்பி, அவருடைய டீக் கோப்பைக்குள் விழுந்தது. ஐஸ் போட்ட மசாலா டீ என்பதால் பிழைத்தது. அந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்த ஆய்வு 2013இல் வெளியானது. அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து பார்த்தபோது, மீன் முதலில் மார்புத் துடுப்புகளை அசைத்து மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. பிறகுதான் பாய்ந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் வேகம், தன் நீளத்தைப்போல் எட்டு மடங்கு வரை உயரம். விரட்ட எதிரி இல்லை, பிடிக்க இரையும் இல்லை. தானாகவே ஆயத்தம் செய்துகொண்டு குதித்தது. கப்பியின் சொந்த ஊர்களில் ஒன்று டிரினிடாட் தீவின் மலை ஓடைகள். அருவிக்கும் பாறைக்கும் நடுவே சிறுசிறு குட்டைகளாகத் தேங்கும் அந்த நீரில், ஒரு குட்டையிலிருந்து அடுத்ததற்குப் பரவ இந்தப் பாய்ச்சல் உதவும் என்பது சோரஸின் கருத்து. சுருளி, கும்பக்கரை அருவிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பயந்து குதிப்பது வேறு. அதற்கென்று மீனின் பின்மூளையில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டே இரண்டு பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. 1859இல் ஆஸ்திரியக் கண் மருத்துவர் லுட்விக் மௌத்னர் இவற்றை விவரித்ததால் மௌத்னர் அணுக்கள் என்று பெயர். கதவு அறையப்படும் சத்தமோ, தொட்டிமேல் விழும் நிழலோ வந்தால் இரண்டில் ஒன்று மட்டும் துடிக்கும். அதன் கட்டளை எதிர்ப்பக்கத் தசைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் போய்ச் சேரும். சில மில்லி விநாடிகளில் உடம்பு வில்லாக வளைந்து, மறுகணம் நிமிர்ந்து பாயும். நாம் ஒருமுறை கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். இந்த அவசரத்தில் திசையை ஆராய நேரமில்லை. பக்கத்தில் கண்ணாடிச் சுவர், மிச்சமிருக்கும் வழி மேலே.

வெளியே தரை இருப்பது மீனுக்குத் தெரியாதா? மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலேயுள்ள உலகம் முழுவதும் அதன் தலைக்கு நேர்மேலே 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. தொட்டியின் அடிமணலே அதில் தலைகீழாகத் தெரியும். தொட்டிக்கு வெளியே, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் அந்த மேற்பரப்பு வழியாக மீனின் கண்ணை எட்டாது. வீட்டுத் தரையும் அப்படித்தான்.

நீர் சரியில்லாவிட்டாலும் மீன் வெளியேறப் பார்க்கும். ஆக்சிஜன் குறைவு, கழிவிலிருந்து சேரும் அமோனியா, குழாய்த் தண்ணீரின் குளோரின் எல்லாமே காரணம்தான். புதிதாக வந்த மீன் முதல் சில இரவுகளில் அதிகம் குதிக்கும். ஓட்டமான நீரில் வாழும் இனங்களுக்கு ஃபில்டர் பீய்ச்சும் நீரே எதிர்த்து ஏறச் சொல்லும் அழைப்பு. இதில் பேர்போனது ‘மிஸ் கேரளா’. தேனியிலிருந்து குமுளி வழியாகக் கொல்லம் செல்லும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மலையின் மறுபக்கம் இருக்கிறது முண்டக்கயம். 1865இல் ஃபிரான்சிஸ் டே அங்கே கிடைத்த மீனை வைத்துத்தான் இந்த இனத்தை விவரித்து, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம், இன்று அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட மீனை ஓடையிலிருந்து பிடித்து வந்து, மூடி போடாத குறையால் தரையில் காயவிடுவதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, எப்படித் தடுப்பது? நீர்மட்டத்தைக் குறைப்பது எளிய வழி. மேலே பார்த்த கணக்குப்படி பஞ்சாக்ஸுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் விட வேண்டும். 45 சென்டிமீட்டர் தொட்டியில் அது பாதித் தண்ணீர். சுவரை ஒட்டியும் மூலைகளிலும் எம்பும் மீன்களுக்கு, விளிம்பின் உட்புறம் சுற்றிலும் நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தில் கண்ணாடிப் பட்டை ஒட்டினால் பலவும் அதில் முட்டித் திரும்பிவிடும். அந்தரத்தாமரை மாதிரி மிதக்கும் செடி நிழல் தரும், அச்சத்தைத் தணிக்கும். ஆனால் அது வேலியல்ல.

முழுக்கக் கண்ணாடி போட்டு மூடுவதைத் தேனி வெயிலுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் நீர் ஆவியானால், அது எடுத்துச்செல்லும் வெப்பம் மீதித் தண்ணீரை 5 டிகிரிக்கும் மேல் குளிர்விக்கப் போதுமானது. அறையின் சூடு திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவும் கைக்கு வராது. இருந்தாலும் மலை ஓடை மீனுக்கு அந்தக் குளிர்ச்சிதான் சித்திரை மாதத்தைக் கடத்திக் கொடுக்கும். மூடிய கண்ணாடி அதைப் பறித்துவிடும், எம்பும் மீனின் வாயையும் காயப்படுத்தும்.

வலைதான் சரி. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவர்களிடம் தொட்டி அளவுக்கு ஒரு சட்டம் செய்து வாங்கலாம். அரை மில்லிமீட்டர் இழையில் 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலை என்றால் நூற்றுக்கு 85 பங்கு வெளிச்சம் கீழே இறங்கும், செடிகளுக்கு அது தாராளம். கண்ணின் அளவு மீனின் தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். கப்பிக்குக் கொசுவலையே நல்லது. ஏர் பம்ப் குழாயும் ஃபில்டர் வயரும் நுழையும் இடத்தைப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். விரல் நுழையும் சந்து மீனுக்கும் வாசல்தான்.

தப்பித்தவறி வெளியே விழுந்த மீனும் சும்மா கிடப்பதில்லை. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் கிப் குழுவினர் 2011இல் ஒன்றைக் காட்டினார்கள். கொசுப்புழுவுக்காக விடப்படும் கம்பூசியாவும், வங்காளம் முதலிய பகுதிகளின் வரிக்குதிரை மீனும் தரையில் கிடக்கும்போது தலையைத் தூக்கி வாலுக்கு மேலாக மடக்கி, சட்டென்று நிமிர்ந்து வாலடியால் தரையை உதைத்துத் தாவுகின்றன. கால் இல்லாத உடம்பின் தாவல் அது. ஓடைக்கரையில் அந்த ஒரு தாவலில் தண்ணீருக்குப் போய்விட முடியும். கூடத்துத் தரையில் முடியாது. காற்றில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது, நீரின் தாங்கல் இல்லாமல் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான். ஆகவே தரையில் மீன் அசையாமல் கிடக்கிறதென்று உடனே கைவிட்டுவிடாதீர்கள். செவுள் இன்னும் ஈரமாக இருந்தால், கையை நனைத்துக்கொண்டு எடுத்து, ஏர் பம்ப் குமிழி எழும் இடத்தில் விட்டுப் பாருங்கள். சில மீன்கள் மீண்டும் நீந்தத் தொடங்கும். செதில் உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கிறதா என்று அடுத்த சில நாட்கள் கவனிக்க வேண்டும்.